செல்லூர்ச் சந்தில் ஒரு ஸ்கூட்டர் பட்டறை

மதுரை செல்லூர் 60 அடி சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், தறிச் சத்தம் இன்னும் முழுவதும் ஓய்ந்துவிடாத வீடுகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட இருசக்கர வாகனப் பட்டறை ஒன்று இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக என்னுடைய 110 சிசி ஸ்கூட்டரை அங்கேதான் விட்டு எடுக்கிறேன். பெயர்ப் பலகை கிடையாது. "அண்ணன் பட்டறை" என்று கேட்டால் டீக்கடைக்காரர் கை காட்டுவார். தம்முடைய பெயரைப் போட வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். முதல் பாதியை அப்படியே கேட்டுக்கொண்டேன். இரண்டாம் பாதியைக் காப்பாற்ற என்னால் இயலவில்லை.

இங்கே வருவதற்கு முன் நகரத்தின் பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில்தான் வண்டியைக் கொடுத்துவந்தேன். குளிரூட்டிய அறை, காப்பி, நீளமான பில் எல்லாம் உண்டு. மாற்றியதாகப் பில்லில் எழுதியிருந்த ஏர் ஃபில்டர், ஆறு மாதத் தூசியோடு பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்ததைப் பின்னால் கண்டுபிடித்தேன். செல்லூரில் வண்டியை விடும்போதே ஒரு நீள நோட்டில் ஓடிய கிலோமீட்டர், நாம் சொல்லும் குறை, அவர்கள் பார்த்த குறை மூன்றையும் தனித்தனியாக எழுதுகிறார்கள். திருப்பித் தரும்போது கழற்றிய பிளக், பிரேக் ஷூ, ஃபில்டர் ஆகியவற்றைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பொதுச் சர்வீஸுக்குக் கூலி 350 ரூபாய். ஆயிலும் உதிரிப் பாகங்களும் உறையில் அச்சிட்ட விலைக்குத்தான். ஸ்கூட்டர்க்காரர்கள் பலரும் மறந்துவிடுகிற கியர் ஆயிலை அவர்கள் மறப்பதில்லை.

விடியற்காலையில் பூ மூட்டையும் காய்கறி மூட்டையும் ஏற்றிப் போகிற டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டிகள்தான் அங்கே மிகுதி. 2015இல் எக்ஸ்எல் 100 நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினோடு வந்த பிறகும், அதற்கு முந்தைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளைக் கைவிட மனமில்லாதவர்கள் மதுரையில் நிறைய உண்டு. 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்து கார்புரேட்டரின் இடத்தைப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டபோது, சந்துப் பட்டறைகள் பல புதிய வண்டிகளைத் தொடவே தயங்கின. இவர் கடன் வாங்கி ஒரு ஸ்கேனர் வாங்கினார். அதைத் துண்டில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறார். ஆனால் அதை எடுத்துப் பிழைக் குறியீட்டைப் படிக்கிற வேலை பையன்களுடையது.

ஒரு வேலையை மட்டும் எவ்வளவு காசு கொடுத்தாலும் செய்யமாட்டார். ஊரையே எழுப்புகிற சைலன்சரை மாட்டச் சொல்லி வருகிற இளைஞர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, மரியாதையாகப் பேசி, அனுப்பிவிடுவார்.

சென்ற ஆண்டு என் வண்டிக்கு ஆயில் மாற்றும்போது, சேர்ந்து நான்கு மாதமே ஆகியிருந்த ஒரு பையன் பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெய்ன் போல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டான். போல்ட் எஃகு, இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். பலத்தைக் காட்டினால் தோற்பது அலுமினியம்தான். மரை மொத்தமும் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. மரை கழன்றவன் என்று ஆளைத் திட்டுகிற நம் வழக்கு எங்கிருந்து வந்தது என்பதை அன்றைக்குக் கண்ணாலேயே பார்த்தேன். பையன் எழுந்து சுவரோரம் போய் நின்றான். வலது கை தானாகக் கன்னத்தை மறைத்துக்கொண்டது. பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்பவள் என்பதால் அந்தக் கை எதற்கு எழுகிறது என்பது எனக்குத் தெரியும்.

உரிமையாளர் வந்து குனிந்து பார்த்தார். "டீச்சர், தப்பு எங்க பட்டறைமேல. ரெண்டு நாள் ஆகும், காசு எதுவும் வேணாம், அதுவரைக்கும் என் வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார். அந்தப் பையன் பெயரைக் கூட அவர் உச்சரிக்கவில்லை. பிறகு அவனைக் கூப்பிட்டு, போல்ட்டை முதலில் விரலால் கடைசிவரை ஏற்ற வேண்டும், விரல் நின்ற பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும் என்று பழைய இன்ஜின் ஒன்றில் பத்து முறை செய்ய வைத்தார். லேத் பட்டறைக்கு எடுத்துப்போய்ப் புது மரை போட்டு வந்த செலவு அவருடையது. மூன்றாம் நாள் காலையில் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவன் அதே பையன்.

இவ்வளவு பொறுமை எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளில் துண்டு துண்டாகக் கேட்டதைச் சேர்த்தால் இவ்வளவுதான் தேறும். அப்பா சுமை தூக்குபவர், கூலியை வழியிலேயே குடித்துத் தீர்ப்பவர், வீட்டுக்கு வந்தால் கையில் கிடைத்ததால் அடிப்பவர். பதினோரு வயதில் வீட்டை விட்டு ஓடிவந்து, ஏ.வி. பாலத்துக்குக் கீழே வைகை மணலில் சில மாதங்கள் படுத்திருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் 12, 13 ஸ்பானரை மாற்றி எடுத்துக் கொடுத்தால் அந்த ஸ்பானராலேயே விழும். முழங்கையில் தழும்பு இருக்கிறது. பதினேழு வயதில் தானும் ஒரு சின்னப் பையனை அதேபோல் அடித்ததாகவும், அவன் அழாமல் நின்றது தான் நின்றதைப் போலவே இருந்ததாகவும் ஒருமுறை சொன்னார். "அடி வாங்குன கை நடுங்கும் டீச்சர். நடுங்குற கையால மரைய நேரா ஏத்த முடியாது. அவ்வளவுதான் விசயம்" என்று அதைத் தொழில் நுணுக்கமாகவே முடித்துக்கொண்டார்.

என் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மாணவரை உடலாலோ மனத்தாலோ வதைப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அச்சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகும், 'அடியாத மாடு படியாது' என்பதை ஆசிரியர் அறையில் நானே சொல்லியிருக்கிறேன். சட்டத்தைப் படித்தவளான எனக்கு வராதது, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவருக்கு வந்திருக்கிறது.

பாதியில் விட்டவர் என்பதும் இப்போது சரியல்ல. வண்டி நிறுவனத்தின் உதிரிப் பாகப் பட்டியலைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகி, எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை எழுதி, பின்னர் இருபத்தாறாம் வயதில் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக முடித்திருக்கிறார். கணக்கில் மட்டும் இரண்டாம் முறை. பதினான்கு வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை. இவர் அதற்கும் மேலே போய், பதினெட்டு முடிந்ததற்குச் சான்று கேட்கிறார். அதற்குக் குறைந்தவன் வந்து நின்றால் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, வீட்டில் பேசி, பள்ளிக்கோ புதூர் அரசு ஐடிஐக்கோ அனுப்பப் பார்க்கிறார். ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டாண்டுப் படிப்பு என்பதும், அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கும் மாணவனுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும் என்பதும் அவர் வாயிலிருந்து சரளமாக வருகின்றன. இப்போது பட்டறையில் இருக்கும் நால்வரில் இருவர் தனித்தேர்வர்கள். மாலை ஏழு மணிக்கு மேல் ஸ்பானரை வைத்துவிட்டு அதே நீள நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போடுகிறார்கள். மாதம் இரண்டு நாள் நானும் போய்ப் பார்க்கிறேன். எனவே இந்த மதிப்புரையை முழுக்க நடுநிலையானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்து வந்து, "நீங்கதான் இவனத் திருத்தணும்" என்று விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறார்கள். அது அவருக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. தாம் மெக்கானிக், திருத்துகிறவர் அல்லர் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இதை நான் பாராட்டுகிறேன். பாராட்ட முடியாத ஒன்றும் உண்டு. குடித்துவிட்டு வந்த ஒரு பையனை மூன்றாம் முறையோடு நிறுத்திவிட்டார். மற்றப் பையன்கள் பார்க்கிறார்கள், விட்டால் அவர்களும் போய்விடுவார்கள் என்பது அவர் வாதம். போக இடமில்லாதவனுக்கு அந்தத் தகரக் கூரையும் இல்லையென்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவன் குடும்பத்துக்கு இன்றும் அரிசி போகிறது என்பதைப் பையன்கள்தான் சொன்னார்கள். அரிசி போதுமா என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

குறைகள் வேறும் இருக்கின்றன. தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள். ஒரு நாளில் முடியும் என்று சொன்னால் ஒன்றரை நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேலையையும் ஒருவன் செய்ய, இன்னொருவன் கேட்க, மூன்றாமவன் சரிபார்க்கிறான். அவசரக்காரர்களுக்கு ஏற்ற இடமன்று. டிரைவ் பெல்ட் போன்ற பாகங்கள் கையிருப்பில் இருப்பதில்லை. சொல்லிவிட்டால் மறுநாள் வாங்கி வைப்பார்கள். பெரிய பைக்குகளை எடுப்பதில்லை. உட்கார ஒரே ஒரு பெஞ்சுதான், அதுவும் வெயிலில்.

காலை ஒன்பது மணிக்கு முன் போனால் எக்ஸ்எல் கூட்டம் வருவதற்குள் வண்டியை எழுதிவிடலாம். ஜிபே உண்டு, கார்டு இல்லை. செவ்வாய் விடுமுறை, ஞாயிறு பாதி நாள். ட்ரெய்ன் போல்ட்டைக் கெடுத்த பையனே இப்போது என் வண்டிக்கு ஆயில் மாற்றுகிறான். விரலால் ஏற்றி முடித்ததும் நிமிர்ந்து அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரை எடுப்பான். போன மாதம் அண்ணன் கடையில் இல்லை, பார்க்காமலே எடுத்தான். ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை.