கேதார்காந்தா பனி மலையேற்றம்: வழிகாட்டிக்கு முழு மதிப்பெண், வாடகை ஸ்பைக்ஸுக்குப் பூஜ்யம்

ஜனவரியில் கேதார்காந்தா போய் வந்தோம். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிற 12,500 அடிச் சிகரம். டேராடூனிலிருந்து சாங்க்ரி கிராமத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான், ஆனால் எல்லாம் மலைப்பாதை என்பதால் பகல் முழுக்க வண்டியிலேயே போய்விடும். அங்கிருந்து நடை. அழைத்துப் போகிற நிறுவனங்கள் நிறைய, அதில் ஒன்றில் பணம் கட்டினோம், பெயர் வேண்டாம்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்குக் கொடுத்த மைக்ரோஸ்பைக்ஸ் படுமோசம். ஷூவின் மேல் மாட்டுகிற ரப்பர் பட்டையும், அடியில் சங்கிலியில் கோத்த இரும்பு முட்களும்தான் மைக்ரோஸ்பைக்ஸ். அந்த ரப்பர் எத்தனை பேர் காலில் இழுபட்டதோ, தொளதொளவென்று இருந்தது. ஜூடா கா தாலாப் வரை, அதாவது உறைந்து கிடக்கிற அந்த ஏரி வரை, பெரிதாகத் தெரியவில்லை. உச்சியிலிருந்து இறங்கும்போது சரிவின் நடுவில் வலது காலில் இருந்தது அப்படியே கழன்று வந்துவிட்டது. ஒற்றைக் காலில் பிடிப்போடு அங்கே நின்ற அந்த இரண்டு நிமிடம் எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. வழிகாட்டி ஓடிவந்து ஒரு கயிற்றை ஷூவோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார், அதோடுதான் கீழே வந்து சேர்ந்தேன்.

அதனால் சாங்க்ரியிலேயே, நீங்கள் போடப்போகிற அதே ஷூவில் மாட்டி, காலை நன்றாக உதறிப் பாருங்கள். கொஞ்சம் நகர்ந்தாலும் மாற்றித் தரச் சொல்லுங்கள். இரவில் கிளம்பும்போது பனி கல் மாதிரி இறுகியிருக்கும், முள் நன்றாகக் குத்தும். வெயில் ஏறியதும் மேல்பனி இளகி முட்களுக்கிடையில் உருண்டையாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முள் இருந்தும் இல்லாத மாதிரிதான். கைத்தடியால் அடிக்கடி தட்டிவிட வேண்டும்.

இனி வழிகாட்டி. சாங்க்ரிப் பக்கத்து ஆள், எல்லோரும் பாய்ஜி என்றுதான் கூப்பிட்டோம். காலையும் மாலையும் ஒவ்வொருவர் விரலிலும் ஆக்சிமீட்டர் மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொண்டார். எங்கள் குழுவில் ஒருவருக்குத் தலைவலியோடு வாந்தியும் வந்தது. அவர் எவ்வளவு கெஞ்சியும் உச்சிக்கு விடவில்லை, அந்த இரவிலேயே துணைக்கு ஆள் போட்டுக் கீழே அனுப்பிவிட்டார். உயரத்தில் வருகிற நோய்க்கு இறங்குவதுதான் மருந்து என்று அவர் பொறுமையாக விளக்கினார், கட்டிய பணம் மொத்தமும் அந்த ஒரு முடிவுக்கே தகும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொன்னதும் அவர்தான். பனிக்கட்டி மேலிருந்து பிடிப்பதால் மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும்.

சாப்பாடு சூடாக, தாராளமாக இருந்தது. கூடாரம் பரவாயில்லை.

அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி உச்சிக்குப் போனபோது எதிரே ஸ்வர்காரோகிணி சிகரத்தின் மேல் முதல் வெயில் விழுந்தது, பக்கத்தில் பந்தர்பூஞ்ச், காலாநாக் சிகரங்கள். யாரும் பேசவில்லை.

டிசம்பர் கடைசி வாரம் மட்டும் போக வேண்டாம். புத்தாண்டுக் கூட்டத்தில் கடைசி ஏற்றத்தில் வரிசை நிற்கும், அந்தக் குளிரில் அசையாமல் நிற்பது நடப்பதைவிடக் கொடுமை.