ஆள் குறையும் ஊரில் வீடுகளை என்ன செய்வது? இடிப்பதா, கைமாற்றுவதா, பூட்டி வைப்பதா?

ஒரு பகுதியில் ஆள் குறைந்தால் வீட்டுத் தேவையும் குறையும் என்றுதான் நினைப்போம். கணக்கெடுப்புகள் வேறு கதை சொல்கின்றன. ஜப்பானில் 2015ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் இடையில் மக்கள்தொகை ஏறக்குறைய 9.5 லட்சம் குறைந்தது. அதே ஐந்தாண்டில் குடும்பங்களின் எண்ணிக்கை சுமார் 24 லட்சம் கூடியது. ஒரு குடும்பத்தின் சராசரி அளவு 2.33 பேரிலிருந்து 2.21 பேராகச் சுருங்கியது. பிள்ளைகள் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் ஆளுக்கொரு வீடு எடுத்துக்கொள்கிறார்கள். ஊரில் தாயோ தந்தையோ தனியாக இருக்கிறார். அவர் காலத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஆள் இல்லை. இதற்கிடையில் நாடெங்கும் ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் புதிய வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன.

ஆகவே தலைக்கணக்கை மட்டும் பார்த்து ஒரு பகுதியின் நிலையைச் சொல்லிவிட முடியாது. ஆள், குடும்பம், வீடு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்த நாடுகள் காலி வீடுகளுக்குக் கண்ட வழிகள் ஒன்றுக்கொன்று முரணானவை. கிழக்கு ஜெர்மனி இடித்தது. ஜப்பான் கைமாற்றப் பார்க்கிறது. கேரளம் பூட்டி வைத்திருக்கிறது. காலி வீட்டின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்தால், அந்த ஊருக்கு எந்த வழி பலிக்கும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பது என் கருத்து. பணமும் சட்டமும் அதற்கு அடுத்தபடிதான்.

கிழக்கு ஜெர்மனி: இடித்துக் குறைத்தல்

1990இல் ஜெர்மனி ஒன்றானதும் கிழக்கின் ஆலைகள் வரிசையாக மூடின. இளைஞர்கள் மேற்கே போனார்கள். பிறப்பு விகிதம் சட்டென்று சரிந்தது. அப்போதே அரசு ஒரு விநோதமான காரியமும் செய்தது. கிழக்கில் கட்டடம் கட்டுவோர் செலவில் பாதியை முதல் சில ஆண்டுகளிலேயே வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தது. முதலீட்டாளர்கள் நகரங்களின் விளிம்பில் புதிய குடியிருப்புகளைக் கட்டித் தள்ளினார்கள். மக்கள் குறையக் குறைய வீடுகள் கூடின. 2000ஆம் ஆண்டில் அரசு அமைத்த குழு கணக்குப் பார்த்தபோது, கிழக்கில் சுமார் பத்து லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன.

2002இல் தொடங்கிய ‘கிழக்கு நகர மறுசீரமைப்பு’த் திட்டம் ஏறக்குறைய மூன்றரை லட்சம் வீடுகளை இடிப்பதை இலக்காக வைத்தது. சதுர மீட்டருக்குச் சுமார் 60 யூரோ மானியம் கிடைத்தது. கிழக்கு ஜெர்மனி அரசின் காலத்தில் வீடு கட்டியதற்கான கடன், ஒன்றிணைப்புக்குப் பின் வீட்டு நிறுவனங்களின் தலையில் ஏறியிருந்தது. காலி வீட்டை இடித்தால் அந்த வீட்டின் பேரில் இருந்த பழைய கடனைத் தள்ளுபடி செய்தார்கள். என் கணிப்பில், திட்டத்தை நகர்த்தியது மானியத்தை விட இந்தத் தள்ளுபடிதான். வாடகை வராத அடுக்குமாடிக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அதுவே மூச்சு விட இடம் கொடுத்தது.

பழுப்பு நிலக்கரித் தொழிலாளர்களுக்காக வளர்ந்த ஹொயர்ஸ்வெர்டா நகரில் 1980களின் தொடக்கத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வசித்தார்கள். இன்று அதில் பாதிகூட இல்லை. வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளைப் பொருத்தி எழுப்பிய அடுக்குமாடிகள் அங்கே வரிசை வரிசையாகத் தரைமட்டமாயின. லைனஃபெல்டே நகரம் எல்லாவற்றையும் உடைக்கவில்லை. நீண்ட ஒரு கட்டடத்தின் இடையிடையே துண்டுகளை வெட்டி எடுத்து, மேல் தளங்களையும் அகற்றி, மிஞ்சியதை எட்டுச் சிறிய வீட்டுத் தொகுதிகளாக மாற்றினார்கள். எனக்குப் பிடித்த அணுகுமுறை இது. ஊர் சிறிதானாலும், மிஞ்சிய ஊர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது.

இடிப்பதிலும் ஒரு முறை உண்டு. நகரின் ஓரத்திலிருந்து உள்நோக்கி வர வேண்டும். அப்போதுதான் தண்ணீர்க் குழாய், சாக்கடை, சூடேற்றும் குழாய் ஆகியவற்றைக் கடைக்கோடியிலிருந்து துண்டிக்க முடியும். நடுநடுவே இடித்தால், பத்து வீடுகளுக்காக நூறு வீட்டுக் குழாயைப் பராமரிக்க நேரும். ஓட்டம் குறைந்த சாக்கடையில் கழிவு தேங்கும். அதைத் தள்ள நல்ல தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். அந்தச் செலவு மிச்சமிருக்கும் சில குடும்பங்களின் கட்டணத்தில் ஏறும். ஆள் குறைந்த ஊரில் தலைக்குச் செலவு கூடுவது இப்படித்தான்.

இதெல்லாம் அங்கே நடந்ததற்குக் காரணம், ஒரு முழுக் குடியிருப்பும் நகராட்சி நிறுவனத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ சொந்தமாக இருந்ததுதான். குடியிருந்தவர்கள் வாடகைதாரர்கள். வேறு வீடு கொடுத்து அவர்களை மாற்றி அமர்த்த முடிந்தது. தனியார் பலரிடம் சிதறிக் கிடந்த பழைய நகர்மையக் கட்டடங்களில் திட்டம் அவ்வளவாக நுழையவில்லை. சங்கம் தன் வீட்டை இடித்துச் சந்தையைச் சீராக்கியது. அதனால் வாடகை நிலைத்தபோது, எதையும் இடிக்காத பக்கத்துத் தனியாரும் சேர்ந்து பலனடைந்தார்.

இந்த வழியின் பெரிய ஆபத்தை லைப்ஸிக் காட்டுகிறது. 1989இல் 5.3 லட்சம் பேர் இருந்த நகரம் 1998இல் 4.4 லட்சத்துக்குக் கீழே இறங்கியது. 2000 வாக்கில் ஐந்தில் ஒரு வீடு காலி. அழகான நூற்றாண்டுப் பழமையுள்ள கட்டடங்களும் விழத் தொடங்கின. 2004இல் தொடங்கிய ஒரு சங்கம் ‘காவல் வீடு’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. கலைஞர்களும் சிறு அமைப்புகளும் காலி வீட்டில் வாடகையின்றி இருக்கலாம். மின்சாரம், தண்ணீர் போன்ற நடைமுறைச் செலவுகள் மட்டும் அவர்களுடையவை. பதிலுக்குக் கூரை ஒழுகாமல், குழாய் உறையாமல், கதவு உடைபடாமல் பார்த்துக்கொள்வார்கள். உரிமையாளர் சொத்தை இழக்கவில்லை. சில ஆண்டுகள் பொறுத்திருந்தார், அவ்வளவுதான். இன்று லைப்ஸிக்கில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வசிக்கிறார்கள். வீட்டு வாடகைதான் இப்போது அங்கே பெரிய புகார். இடித்த கட்டடத்தை எந்தத் திட்டமும் திருப்பிக் கொடுக்காது. ஹொயர்ஸ்வெர்டாவுக்குச் சரியான மருந்தை லைப்ஸிக்குக் கொடுத்திருந்தால் கேடாக முடிந்திருக்கும். 1998ஆம் ஆண்டின் எண்களில் இரண்டு ஊர்களும் நோயாளிகளாகத்தான் தெரிந்தன.

ஜப்பான்: பட்டியலிட்டுக் கைமாற்றுதல்

ஜப்பானில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் வீடு, நில ஆய்வு 2023இல் 90 லட்சம் காலி வீடுகளைக் காட்டியது. மொத்த வீடுகளில் இது 13.8 சதவீதம். 1993இல் இது 45 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 90 லட்சத்தில் வாடகைக்கோ விற்பனைக்கோ காத்திருப்பவையும் விடுமுறை வீடுகளும் அடக்கம். அவற்றைக் கழித்தால் எந்தப் பயனும் இல்லாமல் கிடப்பவை 38 லட்சத்துக்கு மேல். வகயாமா, தொகுஷிமா மாகாணங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட வீடுகள் காலி. அகிதா மாகாணம் 2015க்கும் 2020க்கும் இடையில் மட்டும் தன் மக்களில் 6 சதவீதத்துக்கு மேல் இழந்தது.

அங்கே ஊராட்சிகளும் நகராட்சிகளும் ‘காலி வீட்டு வங்கி’ நடத்துகின்றன. உரிமையாளர் பதிவு செய்கிறார், வாங்க வருபவர் பட்டியலைப் பார்க்கிறார், ஊராட்சி இருவரையும் சேர்த்துவைக்கிறது. பழுது பார்க்கச் சில இடங்களில் உதவித்தொகையும் உண்டு. எண்ணம் நல்லது. பட்டியலுக்கு வரும் வீடுகள்தான் குறைவு. பூஜை மாடம் அங்கே இருக்கிறது, மூதாதையர் நினைவு நாளுக்கு ஊருக்குப் போக வேண்டும், அப்பா கட்டிய வீட்டை அந்நியருக்கு எப்படிக் கொடுப்பது என்று குடும்பங்கள் தயங்குகின்றன. ஊரில் பூர்வீக வீடு வைத்திருக்கும் எந்தத் தமிழருக்கும் இந்தத் தயக்கத்தை விளக்க வேண்டியதில்லை.

மனத்தடைக்கு மேல் வரித்தடை. வீடு நிற்கும் மனையில் 200 சதுர மீட்டர் வரை வரி மதிப்பு ஆறில் ஒரு பங்குதான். வீட்டை இடித்தால் சலுகை போய்விடும். இடிக்கும் செலவும் கைப்பணம். ஆகவே கூரை சரிந்த வீட்டைக்கூட நிற்க விடுவதே உரிமையாளருக்கு லாபம். வீட்டுப் பற்றாக்குறைக் காலத்தில் கட்டுமானத்தை ஊக்குவித்த சலுகை, ஆள் குறைந்த காலத்தில் பாழடைந்த சுவர்களைக் காவல் காக்கிறது. 2015இல் முழுமையாக அமலான காலி வீட்டுச் சட்டம், ஆபத்தான வீடுகளுக்கு இந்தச் சலுகையைப் பறிக்க ஊராட்சிகளுக்கு வழிசெய்தது. 2023 டிசம்பரில் அமலான திருத்தம், பராமரிப்பு இல்லாமல் அந்த நிலைக்குப் போய்க்கொண்டிருக்கும் வீடுகளையும் சேர்த்தது.

இன்னும் அடியில் கிடப்பது பத்திரச் சிக்கல். தாத்தா பெயரிலேயே நிற்கும் மனைக்கு இன்று முப்பது வாரிசுகள் இருக்கலாம். பதிவேட்டைப் பார்த்து உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நிலம் 2016 கணக்கில் 41 லட்சம் ஹெக்டேர், க்யூஷூ தீவை விடப் பெரிய பரப்பு என்று ஒரு நிபுணர் குழு மதிப்பிட்டது. 2024 ஏப்ரல் முதல் வாரிசுப் பதிவு கட்டாயம். மூன்று ஆண்டுக்குள் பதியாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். காலி வீட்டு வங்கியை விட இந்தப் பதிவுச் சட்டமே ஜப்பானின் உண்மையான தீர்வு என்று நினைக்கிறேன். இருபது ஆண்டுகள் முன்னதாக வந்திருக்க வேண்டும்.

ஜப்பானிலேயே ஜெர்மனி பாணியில் நடந்த ஓர் ஊரும் உண்டு: ஹொக்கைடோவின் யூபரி. 1960இல் சுமார் 1.17 லட்சம் பேர் இருந்த நிலக்கரி நகரம், 2020இல் 7,334 பேர். 2007இல் நகராட்சியே திவால் நிலைக்குப் போய் மத்திய அரசின் கண்காணிப்பில் வந்தது. பிறகு சிதறிக் கிடந்த குடியிருப்புகளிலிருந்து மக்களை நடுப்பகுதிக்குக் கொண்டுவரும் வேலை தொடங்கியது. சுரங்க நிறுவனம் விட்டுப்போன தொழிலாளர் வீடுகளை நகராட்சி முன்பே ஏற்றிருந்தது. வீடு ஒரே கையில் இருந்ததால் அந்த இடமாற்றம் அங்கே முடிந்தது.

இத்தாலியின் ஒரு யூரோ வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிசிலியின் மலையூர்கள் பாழடைந்த வீடுகளைப் பெயரளவு விலைக்கு விற்று உலகச் செய்தியாயின. குறிப்பிட்ட காலத்துக்குள் பழுது பார்த்து முடிப்பேன் என்ற உறுதியோடுதான் வாங்க முடியும், செலவு அங்கேதான். வாங்குவோரில் பலர் விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்கள். கூரை பிழைக்கிறது, பள்ளிக்கூடம் பிழைப்பதில்லை. ஆள் குறைவுக்கு இதை விடையாக நான் எண்ணவில்லை.

கேரளமும் நீலகிரியும்

2011 கணக்கெடுப்பில் பத்தனம்திட்டா மாவட்டம் 12.34 லட்சத்திலிருந்து 11.97 லட்சமாகக் குறைந்தது. இடுக்கியும் குறைந்தது. தமிழ்நாட்டில் நீலகிரி மட்டும் 7.62 லட்சத்திலிருந்து 7.35 லட்சத்துக்கு இறங்கியது. பத்தனம்திட்டாவும் நீலகிரியும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்கள், மக்கள்தொகைச் சரிவின் விகிதமும் ஏறக்குறைய மூன்று, மூன்றரை சதவீதம். ஆனாலும் இவை ஒரே கதை அல்ல.

பத்தனம்திட்டாவில் பணம் வந்தது, ஆள் போனார்கள். வளைகுடாவிலும் அமெரிக்காவிலும் சம்பாதித்துப் பெரிய வீடு கட்டினார்கள். பெற்றோர் காலமானதும் வாயிற்கதவில் பூட்டு. கேரளத்தில் 2011இல் பத்தில் ஒரு வீடு காலி. உண்மை இன்னும் அதிகமாக இருக்கலாம், ஏனெனில் நம் கணக்கெடுப்பில் ‘காலி’ வேறு, ‘குடியிருப்பு, ஆனால் பூட்டியது’ வேறு. ஆண்டுக்கு இரண்டு வாரம் திறக்கும் வீடு எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது கணக்கெடுப்பாளர் பக்கத்து வீட்டில் கேட்கும் பதிலைப் பொறுத்தது. 2023 பட்ஜெட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குத் தனி வரி என்று அறிவித்த மாநில அரசு, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. ஜப்பானைப் போல, உரிமையாளர் ஒவ்வொருவரும் தனித்தனி, உணர்வும் தனித்தனி. இடிப்பு இங்கே பேச்சுக்கே இடமில்லாதது.

நீலகிரியில் பணம் வற்றியதால் ஆள் போனார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது, இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை நலிந்தது. கோவைக்கும் திருப்பூருக்கும் குடும்பங்கள் இறங்கின. இங்கே இரண்டு வகை வீடுகள் உண்டு. சிறு விவசாயியின் சொந்த வீடு ஒன்று. தேயிலைத் தோட்டத்துக்குச் சொந்தமான லயம், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, மற்றொன்று. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களுக்காகவே உருவான அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும் லயத்தின் கதை அதுதான்: வேலை இருக்கும் வரை கூரை. பத்திரம் ஒரே கையில் இருப்பதால் ஜெர்மனி வழி இங்கே மிக எளிது, அதனாலேயே மிக ஆபத்தானது. ஹொயர்ஸ்வெர்டாவில் இடிப்பதற்கு முன் மாற்று வீடு கொடுத்தார்கள். திருநெல்வேலி மலையில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம், தோட்ட நிலத்தின் குத்தகை 2028இல் முடிவதை ஒட்டி, 2024இல் விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தலைமுறைகளாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அடுத்த கூரைக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

என் தேர்வு இது. லயங்களைப் பொறுத்தவரை, மாற்று வீட்டின் பத்திரம் தொழிலாளி கையில் வந்த பிறகே ஒரு சுவரையும் தொட வேண்டும் என்று சட்டம் சொல்ல வேண்டும். சொந்த வீடுகளுக்கு லைப்ஸிக்கின் காவல் வீட்டு முறைதான் பொருந்தும். கேரளத்திலும் இங்கும் உரிமையாளர் வாடகைக்கு விட அஞ்சுவது வீடு திரும்பக் கிடைக்காது என்ற பயத்தால்தான். ஊராட்சி நடுவில் நின்று, ஐந்தாண்டுக்கு எழுத்து ஒப்பந்தம் போட்டு, முடிவில் காலி செய்து கொடுக்கும் பொறுப்பை ஏற்றால் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் வீடு கிடைக்கும். வரி என்ற கோலை எடுப்பதற்கு முன் வாரிசுப் பதிவை இலவசமாக்க வேண்டும், முப்பது வாரிசுகளில் யாருக்கு நோட்டீஸ் அனுப்புவது என்று அப்போதுதான் தெரியும். 2027 கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில், பூட்டிய வீடு கடைசியாக எப்போது திறந்தது என்ற ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தால் இந்த வேலையில் பாதி முடிந்துவிடும். அது இல்லாவிட்டாலும், பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதைக் கொண்டு ஊராட்சியே அந்தக் கணக்கை எடுத்துவிடலாம்.