மலைக்கென்று கார் கொடுத்தார்கள், மலை ரோட்டுக்குத்தான் அனுமதி இல்லையாம்

கொலராடோவில் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் டிரெயில் ரிட்ஜ் ரோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். மேலே போக இன்னொரு பழைய வழியும் உண்டு. ஓல்ட் ஃபால் ரிவர் ரோடு என்று பெயர். 1920-இல் திறந்தது. பனி அதிகம் என்பதால் கோடையில் சில மாதங்கள்தான் விடுவார்கள். அந்த வழியில் வாடகைக் காரில் போக நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எனக்கு 1,140 டாலர் பழுத்தது.

டென்வர் விமான நிலையத்தில் கார் எடுத்தோம். நான் பதிவு செய்திருந்தது சாதாரண செடான். கவுண்டரில் இருந்த பையனிடம் ரோட்டின் பெயரைச் சொல்லியே கேட்டேன். "அது மண் ரோடாச்சே, இந்தக் காரில் போவது ஆபத்து" என்று சொல்லி, நாளுக்கு 28 டாலர் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தலையில் கட்டினான். "முழு காப்பீடும் போட்டுக்கொள்ளுங்கள், எது நடந்தாலும் கவலை இல்லை" என்றான். அதையும் போட்டேன். டேப்லெட்டில் நீளமாக ஓடிய ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டது என் தப்பு.

அப்புறம்தான் தெரிந்தது, அந்த ரோட்டுக்கு ஃபோர் வீல் டிரைவே தேவையில்லை. நாங்கள் போன அன்றும் முன்னால் இரண்டு சின்ன கார்கள் நிதானமாக ஏறிக்கொண்டிருந்தன. வண்டி நீளமாக இருக்கக் கூடாது, பின்னால் டிரெய்லர் கூடாது, அவ்வளவுதான். வேக வரம்பு மணிக்கு 15 மைல்.

ரோட்டைக் குறை சொல்ல மாட்டேன். எண்டோவேலி என்ற இடத்தைத் தாண்டியதும் தார் முடிந்து சரளை தொடங்குகிறது. கேஸம் அருவியில் இறங்கி நின்றோம். காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும் பாதை, ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு வந்தார், ஆனால் ஜன்னலை மட்டும் மூட விடவில்லை.

முக்கியமான விஷயம், இது ஒருவழிப் பாதை. மேல்நோக்கி மட்டும்தான். திரும்பவும் முடியாது, பின்னால் வருபவர்களை மறித்து நிற்கவும் முடியாது. அருவியைக் கடந்து இரண்டு மூன்று வளைவு போயிருப்போம், கூரான கல் ஒன்று டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. ஒதுங்க இடம் கிடைக்கும் வரை காற்றில்லாத டயரிலேயே உருட்டியதில் ரிம்மும் போச்சு. டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை! காற்றடிக்கும் சின்ன மோட்டாரும் ஒரு பசை டப்பாவும் இருந்தன. பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அந்தப் பசை உதவாது. போனில் சிக்னலும் இல்லை. மேலே போன ஒரு தம்பதி உச்சியில் இருக்கும் ஆல்பைன் பார்வையாளர் மையத்தில் சொல்லி, அங்கிருந்து ரேஞ்சர் வந்து, அவர் மூலம் டோ வண்டி வர நாலு மணி நேரம். அந்த வண்டியும் கீழே இருந்து அதே வழியாகத்தான் ஏறி வர வேண்டும். நடுவில் இடி மின்னலோடு மழை. அந்த மலையில் கோடை மதியங்களில் இது சகஜமாம்.

மறுநாள் நிறுவனத்தின் அவசர உதவி எண்ணுக்குப் பேசினேன். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வியே "தார் ரோட்டில் நடந்ததா?" என்பதுதான். இல்லை என்றேன். அத்தோடு முடிந்தது. ஒப்பந்தத்தின் நடுவில் 'அன்பேவ்டு', அதாவது தார் போடாத ரோட்டில் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று ஒரு வரி இருக்கிறது. டோவுக்கு 520, டயருக்கு 265, ரிம்முக்கு 210, வண்டி ஓடாத இரண்டு நாளுக்கு 145 என்று பில் வந்தது. வாடகைக் காருக்குக் காப்பீடு தரும் என் கடன் அட்டைக்காரர்களும் ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள்.

மண் ரோட்டுக்கென்றே கூடுதல் காசு வாங்கிவிட்டு, மண் ரோட்டில் ஓட்டியதற்கு அபராதம் போடுகிறார்கள். இதற்கு என்ன பெயர்? கவுண்டரில் சொன்னதை நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை.

போகிறவர்கள் முன்கூட்டியே மின்னஞ்சலில் ரோட்டின் பெயரைக் குறிப்பிட்டு, அங்கே ஓட்டலாம், காப்பீடு செல்லும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். தராவிட்டால் அந்த நிறுவனத்தை விட்டுவிடுங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த 'அன்பேவ்டு' எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். சாவி வாங்கியதும் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள், கவுண்டர்காரன் அவசரப்படுத்தினாலும் சரி.

மூன்று முறை எழுதிய பிறகு போன வாரம் பதில் வந்தது. 'நல்லெண்ண அடிப்படையில்' ஒரு நாள் ஃபோர் வீல் டிரைவ் கட்டணத்தைத் திருப்பித் தருகிறார்களாம். 28 டாலர்.