குழந்தைகள் இல்லத்தின் தன்னார்வலர் திட்டம்: சேர்க்கையில் இருக்கும் கவனம் விடைபெறுதலில் இல்லை

ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று நடத்தும் தன்னார்வலர் திட்டத்தில் சேர்ந்து, ஒரே குழந்தையுடன் வாரந்தோறும் பழகிய அனுபவத்தை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். அங்குள்ள குழந்தைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்பது இல்லத்தின் விதி; நியாயமான விதி என்பதால் பெயர், ஊர் எதையும் குறிப்பிடவில்லை.

சேர்க்கை முறை கண்டிப்பானது. விண்ணப்பம், அடையாளச் சான்று, காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, தெரிந்தவர்கள் இருவரின் பரிந்துரை, நேர்காணல் ஆகிய எல்லாம் முடிந்த பின்னரே உள்ளே அனுமதிக்கிறார்கள். நல்லது செய்ய வருபவரை இப்படி அலைக்கழிப்பதா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரை எந்தக் கேள்வியும் கேட்காமல் குழந்தைகளிடம் விட்டுவிடும் இல்லத்தைக் கண்டால்தான் உண்மையில் பயப்பட வேண்டும். குழந்தையுடன் தனியறையில் இருக்க அனுமதி இல்லை; பராமரிப்பாளரின் கண்ணில் படும்படி பொதுக்கூடத்தில்தான் உட்கார வேண்டும். புகைப்படம் கூடாது. பரிசுப் பொருளை அலுவலகத்தில் ஒப்படைத்தால் எல்லோருக்கும் பொதுவாகப் பங்கிடுவார்கள்.

திட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி, தொடக்கத்தில் நடக்கும் பயிற்சி வகுப்பு. இல்லத்தின் உளநல ஆலோசகர் பூசி மெழுகாமல் பேசினார். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகளே இங்கு இருப்பார்கள் என்று எண்ணி வந்த எங்களிடம், உலக அளவில் இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நால்வருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிருடன் இருப்பதாக ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கை கூறுவதை எடுத்துக்காட்டி, வறுமையே பலரை இங்குக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று விளக்கினார். அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள், குறிப்பாக மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் குடும்பச் சூழலிலேயே வளர்க்க வேண்டும் என்று வலியுறுத்துவதையும் மறைக்கவில்லை. இல்லத்தில் சம்பளம் வாங்கும் ஒருவர் இதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு பற்றியும் பேசினார். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பகுதியினர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்பே சென்றவர்கள், மற்றவர்களைவிட நன்றாகத் தேறினர்.

முதல் நாளிலேயே ஓடிவந்து கையைப் பிடித்து மடியில் ஏறிக்கொள்ளும் குழந்தையைப் பற்றி அவர் கூறியதுதான் என்னை மிகவும் உலுக்கியது. அதைத் தன் அன்புக்குக் கிடைத்த வெற்றியாக வந்தவர் நினைத்துக்கொள்கிறார். ஆனால் நிலையான ஒருவர் இல்லாமல் வளர்ந்த குழந்தை, வருபவர் போபவர் எல்லோரிடமும் அப்படியே ஒட்டிக்கொள்வதுண்டு என்றார் அவர். அந்தத் தழுவலைப் படம் எடுத்துப் போட்டு விருப்பக்குறிகள் சேர்ப்பவர்கள் இந்த வகுப்பில் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும்.

எனக்கு ஒதுக்கப்பட்ட சிறுவன் ஓடிவரவில்லை. மேசையின் மறுமுனையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வண்ணப் பென்சில்களைச் சீவி, நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். பேச்சுக் கொடுக்க வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும் என்று பராமரிப்பாளர் அம்மா சைகை காட்டினார். சில வாரங்கள் அப்படியே கழிந்த பின், முனை ஒடிந்த பச்சைப் பென்சில் ஒன்றைத் திரும்பிப் பார்க்காமலேயே என் பக்கம் உருட்டிவிட்டான். சீவிக் கொடுத்தேன். முனையை விரல்நுனியில் குத்திப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் சீவணும், அக்கா” என்றான். எங்கள் நட்பு அந்தக் குறைகூறலில்தான் தொடங்கியது. அதன் பிறகு அவன் வரைவான், நான் சீவுவேன். வீட்டைப் பற்றி நானாகக் கேட்டதில்லை, அவனாகச் சொன்ன கொஞ்சத்தையும் இங்கு எழுதப் போவதில்லை. குறித்த கிழமையில் குறித்த நேரத்துக்கு வருகிறேனா என்பதை மட்டும் அவன் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டே இருந்தான்.

கூடத்தின் இரைச்சல், பாதி உடைந்த விளையாட்டுப் பொருள்கள் போன்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, ஒப்புக்கொண்ட காலம் முடியும்போது அவர்கள் நடந்துகொள்ளும் விதம். கடைசி வாரங்களை எப்படி நடத்துவது என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டபோது, “சொன்னா அழுவான். நீங்க பாட்டுக்கு வராம இருந்துடுங்க, கொஞ்ச நாள்ல மறந்துடுவான்” என்றார். சொல்லாமல் கொள்ளாமல் மறைபவர்களால்தான் இக்குழந்தைகள் யாரையும் நம்பத் தயங்குகிறார்கள் என்று பயிற்சி வகுப்பில் கற்பித்துவிட்டு, அதையே என்னிடம் செய்யச் சொன்னது எந்த வகையில் நியாயம்? சேர்வதற்கு அத்தனை படிவங்கள் வைத்திருக்கும் நிறுவனத்தில், விலகுவதற்கு ஒரு பக்கக் குறிப்புக்கூட இல்லை.

பராமரிப்பாளர் அம்மா துணைநின்றதால் அவனிடம் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. சுவர் நாட்காட்டியில் எஞ்சிய வருகைகளை அவனையே வட்டமிடச் சொன்னோம். அழவில்லை, “அடுத்து வர்ற அக்காவுக்குப் பென்சில் சீவத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டான். தெரியாவிட்டால் அவனே கற்றுக்கொடுக்கலாம் என்றேன். அந்த யோசனை அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரங்கள் தருகிறேன். மூன்றும் பயிற்சிக்கும் பாதுகாப்பு விதிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் உரியவை. விடைபெறுவதற்கு எழுதப்பட்ட நடைமுறை வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன்; இன்னும் பதில் இல்லை. ஓராண்டாவது தவறாமல் வர முடிபவர்கள் சேரலாம், ஆனால் விலகும்போது குழந்தையிடம் யார், எப்போது, எப்படிச் சொல்வார்கள் என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறையில் ஓரிரு வாரம் மட்டும் ஒதுக்க முடிபவர்களுக்குக் குழந்தைகளுடன் பழகும் இந்தப் பிரிவு ஏற்றதன்று. நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டவும் கணக்கேடுகளைக் கணினியில் ஏற்றவும் அதே இல்லத்தில் ஆள் தேவைப்படுகிறது.