தமிழ் அடிக்க எது நல்லது: அஞ்சலா, தமிழ்99-ஆ, தட்டச்சா, குரலா?

தமிழில் நிறைய எழுதுகிற இரண்டு பேர் சந்தித்தால், நலம் விசாரித்த கையோடு "நீங்க எதுல அடிக்கிறீங்க?" என்ற கேள்வி வந்துவிடும். ஒருவர் ஆங்கில எழுத்துகளை வைத்து ஒலிபெயர்ப்பில் அடிப்பார். இன்னொருவர் தட்டச்சுப் பயிலகத்தில் கற்றதை விடமாட்டார். மூன்றாமவர் போனை வாய்க்கு நேரே பிடித்துப் பேசிவிட்டு, வந்ததைத் திருத்தி அனுப்புவார். எல்லோருமே தமிழ்தான் எழுதுகிறார்கள், ஆனால் ஒருவர் கணினியில் இன்னொருவர் உட்கார்ந்தால் ஒரு வரி நகராது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு தமிழ்99 என்ற விசைப்பலகை முறைக்கு. அதிலும் குறைகள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் தினமும் ஒரு பக்கமாவது தமிழில் எழுதுகிறவர் இன்னும் ஒலிபெயர்ப்பிலேயே காலம் தள்ளுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனசு கேட்பதில்லை. அவ்வளவு விரல் உழைப்பு வீணாகிறது.

ஒலிபெயர்ப்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டே பேசவேண்டும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய முரசு மென்பொருளின் வழியே வந்த அஞ்சல் முறையும், பின்னால் வந்த அழகி போன்ற மென்பொருள்களும் இல்லையென்றால் இணையத்தில் இவ்வளவு தமிழ் சேர்ந்திருக்காது. ஆங்கில விசைகளின் இடம் ஏற்கெனவே தெரிந்த ஒருவர், உட்கார்ந்த அன்றைக்கே தமிழில் மின்னஞ்சல் எழுதிவிடலாம். கற்கும் காலம் என்று தனியாக எதுவும் இல்லை. ஊரைவிட்டுப் போய், வேறு மொழியிலேயே நாள் முழுக்க வேலை பார்க்கிற ஒருவருக்கு இது பெரிய வரம்.

விலை பிறகுதான் தெரியும். 'தன்னம்பிக்கை' என்று ஒலிபெயர்ப்பில் அடித்துப் பாருங்கள். டி, எச், ஏ, என், என், ஏ, எம், பி, ஐ, கே, கே, ஏ, ஐ என்று 13 விசைகள். தமிழ்99-ல் த, ன, ன, ம, ப, இ, க, க, ஐ, அவ்வளவுதான், 9 விசைகள். அந்தச் சொல்லில் மூன்று மெய்கள் இருக்கின்றன, ஒன்றுக்குக்கூட நீங்கள் புள்ளி வைக்கவில்லை. 'வணக்கம்' என்றால் அங்கே 8 விசைகள், ண-வுக்காக ஒரு ஷிஃப்ட் தனி. இங்கே 6. எல்லாச் சொல்லிலும் இந்த வித்தியாசம் இருக்காது. 'பால்' என்ற சொல்லுக்கு இரண்டிலும் நான்குதான், ஏனென்றால் சொல்லின் கடைசியில் வரும் புள்ளியைத் தமிழ்99-ல் நாமே வைக்கவேண்டும். ஆனால் ஒரு முழுக் கட்டுரை அடித்து எழும்போது மணிக்கட்டு கணக்குச் சொல்லிவிடும்.

விசை எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எழுத்துப்பிழை. ஒலிபெயர்ப்பில் இரண்டு வகை இருக்கிறது. அஞ்சல் மாதிரியானவை விதிப்படி நடப்பவை. ள வேண்டுமென்றால் பெரிய எல், ழ வேண்டுமென்றால் இசட், எது வேண்டுமென்று நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள். இதில் பழுது இல்லை. இரண்டாவது வகை, நீங்கள் ஏதோ ஒரு மாதிரி ஆங்கிலத்தில் அடிக்க, நாலைந்து தமிழ்ச் சொற்களை வரிசையாகக் காட்டி 'இதில் எது?' என்று கேட்பது. பெரும்பாலானோர் போனில் இருப்பது இதுதான். பல்லியும் பள்ளியும், கல்லும் கள்ளும், பனியும் பணியும் அங்கே ஒரே ஆங்கில எழுத்துக் கோவைதான். வரிசையில் முதலில் நிற்பதைத் தட்டிவிட்டுப் போகிற அவசரத்தில் 'பனி நிமித்தமாக வெளியூர் சென்றுள்ளார்' என்று எழுதிவிடுகிறோம். எழுதியவருக்குப் பணி என்பதன் எழுத்துத் தெரியாமலில்லை. எழுத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் கையிலிருந்து கருவி வாங்கிக்கொண்டது, அதுதான் நடந்தது. இப்படியே சில வருடம் போனால் ரகர றகரத்தில் உண்மையாகவே தடுமாற்றம் வந்துவிடுகிறது. எழுதிப் பழகிய கைதானே எழுத்தை நினைவில் வைத்திருக்கும்?

இப்போது தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் '99 மாநாட்டை ஒட்டி வந்த தரம் இது. படத்தில் முதல்முறை பார்க்கும்போது எழுத்துகளைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இடது கை ஓய்வாக நிற்கும் நடு வரிசையில் அ, இ, உ, எ. ஒவ்வொரு குறிலுக்கும் நேர் மேலே அதன் நெடில், ஆ, ஈ, ஊ, ஏ. கீழ் வரிசையில் ஒ, ஓ, ஔ. வலது பக்கம் மெய்கள். அங்கே ப-வுக்குப் பக்கத்தில் ம, த-வுக்குப் பக்கத்தில் ந, ட-வுக்குப் பக்கத்தில் ண, ற-வுக்குப் பக்கத்தில் ன, ச-வுக்குப் பக்கத்தில் ஞ. பள்ளிக்கூடத்தில் இன எழுத்து என்று படித்தோமே, அதை அப்படியே விரலுக்குக் கீழே பரப்பி வைத்திருக்கிறார்கள். ங மட்டும் க-வை விட்டு ஒரு வரிசை கீழே நிற்கிறது. அது அதிகம் வருகிற எழுத்தும் இல்லை என்பதால் பாதகமில்லை.

இதற்கு மேல் ஒரு நுணுக்கம் இருக்கிறது, எனக்கு இந்த முறையில் பிடித்ததே அதுதான். ஒரே மெய் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தின் பின் அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே. ந, த என்று தட்டினால் 'ந்த', ன, ற என்றால் 'ன்ற'. 'நன்றி' என்பது ந, ன, ற, இ, நாலே தட்டு. தமிழில் எந்தெந்த மெய்ம்மயக்கம் அடிக்கடி வரும் என்று தெரிந்த யாரோ உட்கார்ந்து யோசித்ததன் பலன் இது. ஒலியனை ஆங்கிலமாக்கி, அதைத் திரும்பத் தமிழாக்கி என்ற சுற்றுவழி இல்லாமல், மனதில் வரும் எழுத்து நேரே விரலுக்குப் போகிறது.

குறைகளுக்கு வருவோம். தானாக விழும் புள்ளி வேண்டாத இடத்திலும் விழும். 'மமதை', 'செய்ததால்' போன்ற சொற்களில் நடுவே ஒரு அ-வைத் தட்டி அதைத் தடுக்கவேண்டும். ஆரம்பத்தில் இது எரிச்சலூட்டும், பழகிய பின் கவனத்துக்கே வராது. எனக்கு உண்மையான குறையாகப் படுவது வலது சுண்டுவிரலின் பாடு. ண, ச, ஞ, ந, ய, ழ ஆறும் அந்த ஒற்றை விரலின் வட்டாரத்தில் இருக்கின்றன. இவற்றில் ந, ய, ச மூன்றும் வரிக்கு வரி வருபவை. அரைப்புள்ளி இருந்த இடத்தில் ந, மேற்கோள்குறி இருந்த இடத்தில் ய என்பதால் நிறுத்தக்குறிகளுக்கும் கை தடுமாறும். மடிக்கணினியின் நெருக்கமான விசைகளில் இது சமாளிக்கக்கூடியது, பெரிய விசைப்பலகையில் சுண்டுவிரல் வலிக்கிறது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

தட்டச்சுப் பொறி முறை வேறு உலகம். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியிலிருந்து வரும் மரபு. இன்றைக்கும் தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இளநிலை, முதுநிலைத் தட்டச்சுத் தேர்வுகளில் தேறி, தட்டச்சர் பணிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள்' என்று சொல்வது வீண் வேலை. பலகையைப் பார்க்காமல் அவர்கள் அடிக்கும் வேகத்தை வேறு யாரும் எட்டுவது கடினம்.

ஆனால் புதிதாக ஒருவர் இதில் இறங்கத் தேவையில்லை என்பேன். இது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பது. 'கொ' வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தாளில் மை படியும் வரைக்கும் அது சரியான முறைதான். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு தமிழைச் சேமிப்பது ஒலி வரிசையில், க முதலில், உயிர்க்குறி அதன் பின்னால். நடுவில் ஒரு மென்பொருள் இதை மாற்றிப் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும். இதனால் வரும் ஒரு பிழை இணையம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. 'கௌரவம்' என்பதில் இருப்பது ஔகாரக் குறி. அந்தக் குறியின் வலப்பாதி பார்வைக்கு ள மாதிரியே இருப்பதால், கொம்பு, க, ள என்று மூன்று தனி எழுத்தாக அடித்துவிடுகிறார்கள். அது 'கெளரவம்'. திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது வேறு சொல். பெயர்ப்பட்டியலில் 'கௌசல்யா'வைத் தேடினால் 'கெளசல்யா' அகப்படமாட்டார். அகர வரிசைப்படுத்தினாலும் இருவரும் வேறு வேறு இடத்தில் போய் நிற்பார்கள். தமிழ்99-லோ அஞ்சலிலோ இந்தப் பிழை தானாக வர வழியில்லை, ஔ என்று தனி உயிராகத்தான் அடிக்கிறோம்.

இலங்கையிலும் அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்களிடமும் பாமினி வழக்கம் வலுவாக இருக்கிறது. பாமினி எழுத்துரு காலத்தில் கற்ற விசைகளை அப்படியே யூனிகோடுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். தட்டச்சுக்காரர்களுக்குச் சொன்னதேதான் இதற்கும். பழகியவர்கள் தொடரட்டும், எழுதி முடித்ததும் யூனிகோடாகத்தான் சேமிக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். பாமினி எழுத்துருவிலேயே நின்றுபோன பழைய கோப்புகளை எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்ஸ்கிரிப்ட் என்ற விசைப்பலகையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டகம் என்பது அதன் எண்ணம். அந்தச் சட்டகத்தில் தமிழுக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள், ண, ற, ன, ழ, ள ஐந்தும் ஷிஃப்ட்டோடு. தமிழில் ன வராத வாக்கியத்தை எழுதிப் பாருங்கள், சிரமம் தெரியும். விண்டோஸில் தமிழ் என்று சேர்த்தால் நெடுங்காலம் முதலில் கிடைத்தது இதுதான். ஆர்வத்தோடு சேர்த்துவிட்டு, எழுத்து எங்கே என்று தேடிக் களைத்து, ஆங்கிலத்துக்கே திரும்பியவர்கள் ஏராளம். இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. இப்போது விண்டோஸ், மேக், ஐபோன் எல்லாவற்றிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவவேண்டாம். ஆண்ட்ராய்டில் வேண்டுமென்றால் செல்லினம் என்ற செயலி இருக்கிறது, அதில் அஞ்சலும் உண்டு, தமிழ்99-ம் உண்டு.

குரலுக்கு வருகிறேன். கூகுள் தன் குரல்வழி உள்ளீட்டில் 2017-ல் தமிழைச் சேர்த்த பிறகு, எழுதுவதையே விட்டிருந்த பலர் திரும்ப வந்தார்கள். சின்ன விசைகளில் விரல் படியாத பெரியவர்கள், கண்பார்வை குறைந்தவர்கள், கையில் வலி உள்ளவர்கள், இவர்களுக்கு வேறெந்த முறையும் ஈடாகாது. குடும்பக் குழுவில் நாலு வரி அனுப்ப எனக்கும் இதுதான் வசதி.

ஆனால் நீளமாக எழுத இது கைகொடுப்பதில்லை. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொன்று. 'வர்றேன்னு சொன்னாங்க' என்று இயல்பாகப் பேசினால் ஒட்டி வரவேண்டியது பிரிந்து விழும். கருவிக்காக மேடைப்பேச்சு மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினால் வாக்கியம் நம்முடையதாக இருப்பதில்லை. ஒற்று மிகும் இடம், மிகா இடம் அதற்குத் தெரியாது. ஆட்பெயர், ஊர்ப்பெயர் வந்தால் நின்று திருத்தவேண்டும். பத்துப் பேர் இருக்கும் அறையில் பேசி எழுதவும் முடியாது. திருத்தும் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பத்திக்கு மேல் போகும் எதையும் அடித்துவிடுவதே சீக்கிரம்.

யாருக்கு எது என்று கேட்டால், எப்போதாவது நாலு வரி எழுதுகிறவருக்கு விதிப்படி நடக்கும் அஞ்சல் போதும். சொற்பட்டியல் நீட்டும் வகையைத் தவிர்க்கச் சொல்வேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு, மொழிபெயர்ப்பாளர்களுக்கு, பத்திரிகையில் இருப்பவர்களுக்கு, கதை எழுதுகிறவர்களுக்குத் தமிழ்99தான். போனில் 31 எழுத்தும் ஒரே திரையில் நெருக்கியடித்து நிற்கும், பெரிய விரல்காரர்களுக்குப் பக்கத்து எழுத்து விழும். அங்கே மட்டும் அஞ்சலை வைத்துக்கொண்டு, கணினியில் தமிழ்99 அடிப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் குழம்புவதில்லை என்கிறார்கள்.

தொடங்குகிறவர்கள் விசைகளின் மேல் எழுத்து ஒட்டவேண்டாம், ஒட்டினால் கண் கீழேயே நிற்கும். விசைப்படத்தைத் திரையின் ஒரு மூலையில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இடது கையின் உயிர்களும் புள்ளியும் மட்டும். அடுத்து வலது கை நடு வரிசையின் க, ப, ம, த, ந, ய. இவை கைக்கு வந்த உடனே அம்மா, தம்பி, பந்து, பக்கம், நகம் எல்லாம் அடித்துவிடலாம். மேல் வரிசையை அதற்குப் பிறகு தொடுங்கள், ஒவ்வொரு மெல்லினத்தையும் அதன் வல்லினத்தோடு ஜோடியாக.