கே.ஈ.70-ஆ, ஈ.ஈ.90-ஆ? மட்டக்களப்பில் அளவான காசில் ஒரு பழைய கொரோலா

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய ஜப்பான் கார் ஒன்றை எடுத்துத் திருத்த ஆசைப்படுபவர்கள் அனேகமாக இரண்டு டொயோட்டா கொரோலாக்களுக்கு நடுவில் வந்து நிற்கிறார்கள். ஒன்று, 1979இல் ஜப்பானில் வெளிவந்த கே.ஈ.70 குடும்பம், நம்மூரில் டி.எக்ஸ். வாகன் என்று சொல்லப்படுவதும் இதில்தான் சேரும். மற்றது, 1987இல் வந்த ஈ.ஈ.90. சன்னி பி12, லான்சர் பொக்ஸ் என்று வேறு கார்களும் இருக்கின்றன, அவை கெட்ட கார்கள் அல்ல. ஆனால் ஒரு சாமானுக்காக 300 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய்க் கொழும்பு பஞ்சிகாவத்தையில் அலைந்து திரும்பவேண்டிய இடத்தில் நாம் இருக்கிறோம். கையில் காசும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் இந்த இரண்டையும் விட்டு வேறொன்றை என்னால் மனதாரச் சொல்ல முடியாது.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தும் என்ன, வரியோடு சேர்ந்த விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. ஆகவே ஊரில் ஏற்கெனவே இருக்கும் பழைய கார்களைக் காப்பாற்றி ஓட்டுவது இன்று வெறும் பொழுதுபோக்கு இல்லை.

எந்தக் கார் என்று பார்க்கமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நமது கரையில் ஒரு காரின் ஆயுளைத் தீர்மானிப்பது எஞ்சின் இல்லை, தகரம். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, ஒலுவில் என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று ஓய்வதேயில்லை. எஞ்சின் போனால் இன்னொன்றைத் தூக்கி வைக்கலாம். தரைத் தகரமும், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரமும் கறளில் கரைந்துவிட்டால் அந்தக் காரின் பலமே போய்விட்டது. அதை மீட்கும் செலவில் நல்ல பொடியோடு (உடற்கூட்டோடு) வேறு கார் எடுக்கலாம். அதனால் வாங்கப் போகும்போது பொனட்டைத் திறக்கமுன் கீழே குனிந்து பாருங்கள். முன் சொக் அப்சோபரின் தலை உட்காரும் இடம், பற்றரித் தட்டு, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, டிக்கிக்குள் ஸ்பெயார் வீல் வைக்கும் குழி, இவைதான் முதலில் கறள் தின்னும் இடங்கள். துணி சுற்றிய சிறு காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள். பெயின்டுக்குக் கீழே தகரம் இருந்தால் பிடிக்கும், கனமாகப் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசியிருந்தால் நழுவும். சீற்றுக்குக் கீழுள்ள தண்டவாளத்திலும் கார்ப்பெட்டின் அடியிலும் நுண்மணல் படிந்திருந்தால், அந்தக் கார் வெள்ளத்திலோ 2004 டிசம்பர் 26 சுனாமிக் கடலிலோ கிடந்ததா என்று நேராகக் கேளுங்கள். பதில் சரியாக வராவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

அம்பாறை நகர், உகண, மகா ஓயாப் பக்கம் உள்நாட்டில் காலம் கழித்த கார் கிடைத்தால் அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். அங்கே புழுதியில் வெளிப்பூச்சு மங்கியிருக்கும், சீற் கிழிந்திருக்கும், ஆனால் அடித்தகரம் பெரும்பாலும் நின்றிருக்கும். மங்கிய பூச்சைத் திருத்துவது சுலபம்.

சரி, தகரத்தில் எது நல்லது? 1980களில் ஜப்பான் கம்பனிகள் கறள் தடுப்பில் நிறைய முன்னேறின. வயதும் குறைவு. அந்த வகையில் ஈ.ஈ.90 முன்னுக்கு நிற்கிறது. ஆனால் திருத்துவதில் நிலைமை தலைகீழ். கே.ஈ.70 நேர்கோடுகளால் ஆன பெட்டி வடிவம். கைதேர்ந்த டிங்கர் பாஸ் (தகர வேலைக்காரர்) ஒருவர் தட்டைத் தகரத்தை வெட்டி மடித்தே அதன் மட்காட் விளிம்பையும் கதவின் கீழ்ப் பகுதியையும் செய்துவிடுவார். ஈ.ஈ.90இன் வளைவுகள் அப்படிக் கைக்கு வராது. உடைத்த காரிலிருந்து கழற்றிய பாகத்தைத் தேடித்தான் போட வேண்டும்.

ஒட்டு வேலையில் எங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கறளைச் சுரண்டாமல் அதன் மேல் பட்டி பூசினால் ஒரு மாரியைத் தாண்டாது. உள்ளே ஈரம் அடைபட்டு, வெளியே பளபளப்பு இருக்கும்போதே தகரம் ஓட்டையாகும். கறள் தின்ற பகுதியை நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, புதுத் துண்டை ஒட்ட வேண்டும். காஸ் வெல்டிங்கில் சூடு பரவி மெல்லிய தகரம் நெளியும், சி.ஓ.டூ வெல்டிங் உள்ள கராஜாகப் பார்த்துக் கொடுத்தால் நெளிவு குறையும், பட்டியும் குறையும். பிறகு பிரைமர், பிறகு மூட்டுகளுக்கு சீலர், கடைசியாகத்தான் கீழ்ப்பக்கக் கறுப்புப் பூச்சு. அந்தக் கறுப்புப் பூச்சைக் கறளின் மேல் நேராக அடிப்பது நம்மூரில் பரவலாக நடக்கிறது. அது கறளைத் தடுப்பதில்லை, மறைக்கிறது. பெட்டித் தகரங்களுக்குள் பழைய எஞ்சின் ஓயில் ஊற்றும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். ஓயில் பட்டால் புஷ் ரப்பர்கள் ஊதிக் கெடும், ஒழுகினால் மண்ணும் கெடும்; அதற்கென்று வரும் மெழுகுத் திரவம் இருக்கிறது.

இனி எஞ்சின். சி.சி.யில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கே.ஈ.70இல் பொதுவாக வரும் 4கே 1290 சி.சி., ஈ.ஈ.90இல் வரும் 2ஈ 1295 சி.சி. குணம்தான் வேறு. 4கே புஷ் ரொட் எஞ்சின், அதாவது தண்டுகள் தள்ளித்தான் வால்வு திறக்கும்; டைமிங் செயின் போட்டது. பின்சில்லு இழுக்கும் கார் என்பதால் எஞ்சின் நீளவாக்கில் நிற்கிறது, இரண்டு பக்கமும் கை போகத் தாராளமாக இடம் இருக்கிறது. டெப்பட்டை (வால்வு இடைவெளியை) நாமே பீலர் கேஜ் வைத்துச் சரிசெய்யலாம். 2ஈ ஒரு சிலிண்டருக்கு மூன்று வால்வாகப் 12 வால்வு, வால்வைத் திறக்கும் கேம் தண்டு மேலே, டைமிங் பெல்ட். குறுக்கே கிடக்கும் எஞ்சின், முன்சில்லு இழுக்கும். ஓட்டத்தில் 2ஈ சுறுசுறுப்பு, மேட்டில் ஏறும்போது அது தெரியும். ஆனால் ஜப்பான் சந்தைக்கு வந்த அதன் கார்பரேட்டரைச் சுற்றி வேக்கூம் குழாய்கள் பின்னிக் கிடக்கும். இத்தனை வருடத்தில் பாதிக் குழாய் வெடித்திருக்கும், மீதியை யாரோ அடைத்திருப்பார்கள். நின்ற இடத்தில் குலுங்குவதற்கும் புகைப் பரிசோதனையில் சிக்குவதற்கும் பெரும்பாலும் காரணம் அதுதான். முன்னால் வந்த சொந்தக்காரர் பெல்ட் மாற்றியதற்குப் பில் காட்டவில்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

இரண்டிலும் ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) அலுமினியம். சூடேறினால் வளையும். நமது கரையில் பல கிணறுகளின் தண்ணீர் உவர். அதையே ரேடியேட்டரில் ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்து அடைத்த கார்கள் ஏராளம். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் விடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான எஞ்சின் வேலை.

விலை பேசமுன் கொம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையில் 14 பி.எஸ்.ஐ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் ஓயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்வு. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட், அதாவது செலவு குறைவு.

எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டது என்றால் வழி பிரிகிறது. இருப்பதையே லேத்தில் கொடுத்து போர் பண்ணி (சிலிண்டரைக் குடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதா, வேறு எஞ்சின் வைப்பதா? கே.ஈ.70காரருக்கு அருமையான மூன்றாவது வழி ஒன்று உண்டு. லைட் ஏஸ் வான்களில் வந்த 5கே எஞ்சின் 1486 சி.சி.; அதே கே குடும்பம், அதே 73 மி.மீ. ஸ்ட்ரோக், சிலிண்டரின் அகலம் மட்டும் 75இலிருந்து 80.5 மி.மீ. ஆகியிருக்கிறது. பழைய கியர்பெட்டியோடு பொருந்தும். சம்பையும் (ஓயில் தொட்டி) மவுண்டிங்கையும் உங்கள் 4கேயிலிருந்து மாற்றிப் போட வேண்டி வரலாம், அவ்வளவுதான். வயரிங்கைத் தொடத் தேவையில்லை. பொயின்ட் வைத்த பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதிலாகப் பிந்திய கே எஞ்சினின் எலெக்ட்ரோனிக் டிஸ்ட்ரிபியூட்டரைப் போட்டால் காலையில் ஸ்டார்ட் ஆவதே வேறு மாதிரி இருக்கும். நாலு கியர் கே40 இருந்தால் ஐந்து கியர் கே50 தேடுங்கள். பாசிக்குடா வரை ஒரே வேகத்தில் ஓடும்போது எஞ்சின் எவ்வளவு அமைதியாகிறது என்பது விளங்கும்.

ஈ.ஈ.90காரருக்கு வரும் ஆசை 4ஈ-எஃப்ஈ. கொரோலா 110இலும் பிந்திய ஸ்டார்லெட்டிலும் வந்த 1331 சி.சி., 16 வால்வு, ஈ.எஃப்.ஐ. எஞ்சின், அதாவது கார்பரேட்டர் இல்லாமல் கொம்பியூட்டர் கட்டுப்பாட்டில் பெற்றோல் பீச்சுவது. இதுவும் 2ஈயின் சொந்தக்காரன்தான், ஸ்ட்ரோக் இரண்டிலும் 77.4 மி.மீ. கார்பரேட்டர் தொல்லை ஒழியும், இழுவை கூடும், புகையும் சுத்தம். நல்ல வேலைக்காரர் கையில் முடிந்தால் மிக அழகான மாற்றம். ஆனால் செலவு எஞ்சினோடு நிற்காது. கொம்பியூட்டர், முழு வயரிங், சென்சர்கள், அதிக அழுத்தப் பெற்றோல் பம்ப், டாங்கிக்குத் திரும்பும் குழாய் எல்லாம் வேண்டும். கார்பரேட்டருக்கு ஒரு பார் அழுத்தத்தில் பாதிகூடத் தேவையில்லை, ஈ.எஃப்.ஐ. பம்ப் இரண்டரை மூன்று பார் கொடுக்கிறது. உள்ளே கறள் பிடித்த பழைய டாங்கியையும் பழைய குழாயையும் அப்படியே வைத்து இந்தப் பம்பைப் பூட்டினால், பம்பும் இன்ஜெக்டரும் அடைத்துக் கார் நடுரோட்டில் நிற்கும். உப்புக் காற்றில் வயர் சொக்கெட்டுகள் பச்சை பூத்துப்போவதும் இங்கே வழமை. ஆகவே இந்த மாற்றத்தில் இறங்குபவர் முதலில் டாங்கியைக் கழற்றிக் கழுவ வேண்டும், எர்த் வயர்களை எல்லாம் புதிதாக இழுக்க வேண்டும். அதற்குக் காசு ஒதுக்க முடியாதவர் 2ஈயைப் போர் பண்ணி, ஒழுங்கான கார்பரேட்டரோடு ஓட்டுவதே நல்லது.

எஞ்சின் மாற்றினால் எஞ்சின் இலக்கமும் மாறும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைப் பதிந்து வாகனப் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த எஞ்சின் என்றால் சுங்கப் பத்திரமும் கடை பில்லும் இல்லாமல் வாங்கவே வேண்டாம். போர் பண்ணினால் புளொக் அதேதான், இலக்கமும் அதேதான்; இந்த அலைச்சல் முழுக்க மிச்சம். நிறம் மாற்றுவதற்கும் பதிவு வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

என் தீர்ப்பு இது. வீட்டில் வேறு வாகனம் இருந்து, மெதுவாக, கிடைக்கும்போது கிடைக்கும் காசில் வேலை செய்ய நினைப்பவர் கே.ஈ.70 எடுக்கட்டும். டிங்கர் வேலை முடித்து, பிறகு 5கே. வீட்டின் ஒரே கார் இதுதான், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொழும்புக்கும் இதில்தான் போக வேண்டும் என்றால் ஈ.ஈ.90, அதுவும் நல்ல 2ஈயோடு இருப்பது. இரண்டிலும் காசில் பாதி தகரத்துக்குப் போகட்டும்.

பெயின்டில் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) மலிவு, கெதியில் காயும், சின்னக் கராஜிலும் அடிக்கலாம். நமது வெயிலில் ஆனால் மங்கும், அடிக்கடி பொலிஷ் கேட்கும். ஹார்டனர் கலந்த 2கே பெயின்ட் விலை கூட, நின்று பிடிக்கும். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு 2கே அடிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும். வெளிக்காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் உள்ள இடத்தில்தான் கொடுங்கள்.

ரிம் விஷயத்தில் ஈ.ஈ.90க்கு வாய்ப்பு அதிகம். அதன் போல்ட் இடைவெளி 4×100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் நாலு போல்ட். விட்ஸ், ஃபிட் என்று ஏகப்பட்ட கார்களின் அலோய் பொருந்தும். கே.ஈ.70க்கு 4×114.3, தேட வேண்டும். டயரின் மொத்த உயரம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 155/80 ஆர்13 ஏறத்தாழ 578 மி.மீ. உயரம், 175/70 ஆர்13 575, 175/65 ஆர்14 583. இந்த அளவுகளுக்குள் நின்றால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, மட்காட்டிலும் உரசாது. ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவதை மட்டும் நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். மார்கழி மழையில் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும் ஊரில் அந்த இரண்டு அங்குலம் தேவைப்படும்.