மைலேஜ் கணக்கு: ரிசர்வ் லைட்டா, டாஷ்போர்டா, ஃபுல் டேங்கா?

வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் ரிசர்வ் லைட்டை வைத்துத்தான் கணக்குச் சொல்வார்கள். லைட் எரிந்ததும் ஆயிரம் ரூபாய்க்குப் போட்டு, மறுபடி எரியும்வரை ஓட்டி, வகுத்துப் பார்ப்பது. பைக்கில் ரிசர்வ் திருப்பிய காலத்துப் பழக்கம். காரில் அந்த லைட்டை எரிய வைப்பது டேங்குக்குள் இருக்கும் ஒரு மிதவை. மேட்டில் ஏறினாலோ வளைவில் திரும்பினாலோ பெட்ரோல் ஒரு பக்கமாகச் சரியும், லைட் முன்னே பின்னே எரியும். பத்து லிட்டரில் ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆனாலே பத்து சதவீதம் போச்சு. போதாததற்கு, உள்ளே இருக்கும் பம்ப்பின் சூட்டைத் தணிப்பதே அந்தப் பெட்ரோல்தான், அதை அடிக்கடி வறள விடக்கூடாது. இந்த முறை வேண்டாம்.

டாஷ்போர்டு எண் பரவாயில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து வண்டியே போடும் கணக்கு அது; பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். செலவுக் கணக்குக்கு ஆகாது, ஆனால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் காலைத் திருத்த இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது: ஏசியோடு சிக்னலில் நிற்கும்போது சராசரி புள்ளி புள்ளியாக இறங்குவது கண்ணெதிரே தெரியும்.

கம்பெனி விளம்பரத்தில் போடும் ஏஆர்ஏஐ (வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்பு) எண் வேறு வகை. ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி எடுப்பது, வேகம் 90-ஐத் தாண்டாது, இதுவரை வந்த எண்கள் பெரும்பாலும் ஏசி போடாமல் எடுத்தவை. இரண்டு கார்களை ஒப்பிட உதவும், அவ்வளவுதான்.

என் ஓட்டு ஃபுல் டேங்குக்குத்தான். நாசில் முதல் தடவை தானாகக் கட் ஆகும்வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, டேங்க் முக்கால்வாசி காலியாகும்வரை ஓட்டி, அதே பங்க்கில், முடிந்தால் அதே பம்ப்பில் மறுபடி முதல் கட் வரை நிரப்பினால், பில்லில் இருக்கும் லிட்டர்தான் நீங்கள் எரித்தது. இதைக் கெடுப்பது ஒரே ஒரு கேள்வி: "சார், ரவுண்டு பண்ணிடவா?" தலையாட்டினால் கட் ஆன பிறகும் சொட்டுச் சொட்டாக இறங்கும், எவ்வளவு உள்ளே போகும் என்பது அன்றன்றைக்கு மாறும். சில்லறை போனாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உதாரணத்துக்கு 412 கிலோமீட்டர், 26.8 லிட்டர் என்றால் 15.4. அப்போது டாஷ்போர்டு 16.6 காட்டினால் அது எட்டு சதவீதம் கூட்டிச் சொல்கிறது. நாலைந்து டேங்குக்கும் அதே வித்தியாசம் வந்தால், அப்புறம் டாஷ்போர்டு எண்ணில் அதைக் கழித்துக்கொண்டாலே போதும், ஒவ்வொரு தடவையும் பில்லைத் தேட வேண்டாம்.

ஒன்று மட்டும், டேங்குக்கு டேங்க் வந்த மைலேஜைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால்தான் வகுக்க வேண்டும். ஹைவேயில் 100 கிலோமீட்டர் லிட்டருக்கு 20 கொடுத்து, ஊருக்குள் 100 கிலோமீட்டர் லிட்டருக்கு 10 கொடுத்தால், எரிந்தது 15 லிட்டர். மைலேஜ் 15 இல்லை, 13.3.